ஒட்டிய இடத்தில் பெயிண்ட் படாது

அத்தியாயம் 7: இணைந்த உருவங்களின் புறப்பரப்பு

கன அளவு சாதுவானது. ஓர் உருளையின் மேல் ஒரு கூம்பை வைத்தால், இரண்டின் கன அளவையும் கூட்டிப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். புறப்பரப்பு அப்படி விடாது. இரண்டு உருவங்களும் ஒன்றையொன்று தொட்ட கணத்திலேயே இரண்டும் தங்கள் மேற்பரப்பில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன. அந்த இழப்பைக் கணக்கில் பிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் முழு வேலை.

பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். சூத்திரம் மறந்துபோய் விழுவதில்லை. சூத்திரம் நன்றாக நினைவிருப்பதால்தான் விழுகிறார்கள். ‘உருளை’ என்ற சொல்லைப் பார்த்ததும் மொத்தப் புறப்பரப்பின் சூத்திரம் ஓடி வருகிறது, ‘அரைக்கோளம்’ என்றதும் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால் விடை பெருத்துப்போகிறது. ஆகவே சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். கையில் ஒரு பெயிண்ட் பிரஷ் இருப்பதாக நினைத்துக்கொண்டு உருவத்தைச் சுற்றி வாருங்கள். பிரஷ் படும் இடம் எல்லாம் கணக்கில் வரும், படாத இடம் வராது. எந்தெந்த முகம் வெளியே தெரிகிறது என்று முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய சூத்திரத்தைக் கூப்பிடுங்கள். அதற்கு நாற்பது நொடி ஆகும். அந்த நாற்பது நொடியை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் ஐந்து மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

பெட்டிகளில் தொடங்குவோம்

பக்கம் 4 செ.மீ உள்ள ஒரு கனசதுரம். ஒரு முகம் 16 ச.செ.மீ, ஆறு முகத்துக்கு 96. இதேபோல் இரண்டு கனசதுரங்களைத் தனித்தனியே வைத்தால் 192. ஒட்டி வைத்தால்? ஒட்டிய இடத்தில் இதற்கு ஒரு முகம், அதற்கு ஒரு முகம் என இரண்டு முகங்கள் மறைகின்றன. 192 − 32 = 160 ச.செ.மீ. ஒரு முகத்தை மட்டும் கழித்துவிட்டு 176 என்று எழுதுபவர்கள் நிறைய. ஒட்டு ஒன்றுதான், ஆனால் அதில் மறையும் முகம் இரண்டு.

நான்கு கனசதுரங்களை வரிசையாக ஒட்டினால் மூன்று ஒட்டுகள். 384-இலிருந்து 96 போக 288. அதே நான்கை இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாக அடுக்கினால் ஒட்டுகள் நான்கு, விடை 256. பொருள் ஒன்றே, கன அளவும் ஒன்றே. பரப்பு மட்டும் மாறுகிறது. நெருக்கி அடுக்க அடுக்க வெளியே தெரிவது குறையும். எட்டை எடுத்து ஒரே பெரிய கனசதுரமாக அடுக்கினால் 12 ஒட்டுகள்: 768 − 384 = 384. பெரிய கனசதுரத்தின் பக்கம் 8 செ.மீ, ஆறு முகத்துக்கு 6 × 64 = 384. இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறது. இப்படி இன்னொரு பாதையில் போய்ச் சரிபார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

கொலுப்படி: மேலிருந்து ஒரு பார்வை, முன்னிருந்து ஒரு பார்வை

நவராத்திரிக்கு ஐந்து படி கட்டுகிறீர்கள். படியின் அகலம் 6 அடி. ஒவ்வொரு படியும் 1 அடி ஆழம், முக்கால் அடி உயரம். மேலே விரிக்க எவ்வளவு துணி வேண்டும்?

படி படியாகக் கூட்டலாம். ஐந்து மேற்பரப்பு, ஐந்து முன்பரப்பு, ஆகப் பத்துச் செவ்வகம். ஆனால் பத்துக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. படிகளுக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். முன்பரப்புகள் கண்ணுக்குத் தெரியாது. மேற்பரப்புகள் எல்லாம் சேர்ந்து 5 அடிக்கு 6 அடி என்ற ஒரே செவ்வகமாகத் தெரியும். இப்போது எதிரே தரையில் உட்கார்ந்து நேராகப் பாருங்கள். முன்பரப்புகள் எல்லாம் சேர்ந்து மூன்றே முக்கால் அடி உயரம், 6 அடி அகலமுள்ள ஒரே சுவராகத் தெரியும். ஆக, துணியின் நீளம் 5 + 3.75 = 8.75 அடி, பரப்பு 8.75 × 6 = 52.5 சதுர அடி. எட்டு முழ வேட்டி 12 அடி இருக்கும், நீளத்துக்குத் தாராளம். அகலத்துக்குத்தான் ஒரு வேட்டி போதாது. இரண்டை அருகருகே போட வேண்டும்.

இந்த உத்தியின் அழகு என்னவென்றால் படிகள் சமமாக இருக்கத் தேவையில்லை. ஒரு படி ஒன்றே கால் அடி, அடுத்தது முக்கால் அடி என்று கையில் கிடைத்த பலகை, பெட்டி, டிரங்கு எல்லாவற்றையும் வைத்து அடுக்கியிருந்தாலும் மொத்த ஆழமும் மொத்த உயரமும் தெரிந்தால் போதும்.

படிக்கட்டையே மரத்தில் செய்து வர்ணம் அடிப்பதானால் பக்கவாட்டையும் சேர்க்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஏறுபடியாக ஓர் உருவம்; 1 அடிக்கு முக்கால் அடி என்ற சிறு செவ்வகங்கள் 1 + 2 + 3 + 4 + 5 = 15 இருக்கும். ஒரு பக்கம் 11.25 சதுர அடி, இரு பக்கமும் 22.5. பின்புறம் 3.75 × 6 = 22.5. எல்லாம் சேர்த்து 97.5 சதுர அடி. தரையில் படியும் அடிப்பக்கத்தை யாரும் வர்ணம் அடிப்பதில்லை. ‘மொத்தப் புறப்பரப்பு’ என்று கேள்வியில் கேட்டிருந்தால் மட்டும் அந்த 30-ஐயும் சேர்த்து 127.5 என்று எழுதுங்கள்.

இரண்டடுக்குக் கேக்குக்கும், கொடிக்கம்பத்துக்குக் கட்டும் வட்ட மேடைக்கும் இதே வழிதான். சிறியது பெரியதன் மேல் உட்கார்ந்திருக்கும் வரை, மேலே பார்த்த தட்டைப் பகுதிகள் அனைத்தும் சேர்ந்து அடியிலுள்ள பெரிய வட்டத்துக்குச் சமம். சிறியது எவ்வளவை மறைக்கிறதோ அதே அளவைத் தன் தலையில் திருப்பித் தந்துவிடுகிறது. பெரியது மேலே, சிறியது கீழே என்று கவிழ்ந்தால் இந்த உத்தி மட்டும் போதாது. பெரியதன் அடிப்பக்கத்தில் ஒரு வளையம் வெளியே தெரியும். அதைத் தண்ணீர்த் தொட்டியில் பார்ப்போம்.

கோல் கும்பஸ்

பாடநூல்களில் ‘ஒரு கனசதுரத்தின் மேல் அரைக்கோளம் பொருத்தப்பட்டுள்ளது’ என்று வரும் கணக்கைப் பார்த்து, இப்படி ஒன்றை யார் கட்டுவார்கள் என்று கேட்கத் தோன்றும். கர்நாடகத்தின் விஜயபுராவில், நாம் பீஜப்பூர் என்று சொல்லிப் பழகிய ஊரில், கட்டியிருக்கிறார்கள். முகமது அடில் ஷாவின் கல்லறையான கோல் கும்பஸ் 1656-இல் முடிந்தது. கட்டடத்தின் உடல் பக்கத்துக்கு 47.5 மீட்டர் கொண்ட கனசதுரம். மேலே வெளிவிட்டம் 44 மீட்டர் உள்ள குவிமாடம். நான்கு மூலைகளிலும் ஏழு மாடி எண்கோணக் கோபுரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சுவரில் வளைவும் விதானமும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, குவிமாடத்தை அரைக்கோளம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பெரிய வேலைகளில் முதல் மதிப்பீடு இப்படித்தான் தொடங்கும்.

வெளியே தெரிவது என்ன? நான்கு சுவர்கள். கூரையில், குவிமாடம் உட்கார்ந்த வட்டம் போக மிச்சமுள்ள பகுதி. அப்புறம் குவிமாடத்தின் வளைபரப்பு. அடித்தளம் மண்ணில்.

ஒரு சுவர் 47.5 × 47.5 = 2,256.25 ச.மீ, நான்குக்கு 9,025. குவிமாடத்தின் ஆரம் 22 மீ. அது மறைக்கும் வட்டம் சுமார் 1,520.5 ச.மீ. கூரையில் மிச்சம் 2,256.25 − 1,520.5, அதாவது ஏறக்குறைய 735.7. அரைக்கோளத்தின் வளைபரப்பு அதன் அடிவட்டத்தைப் போல இரு மடங்கு: 3,041. கூட்டினால் 12,801.7; சுமார் 12,800 ச.மீ.

இப்போது கணக்கை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். வட்டம் ஒன்று போனது, அதே வட்டத்தின் இரு மடங்கு வந்தது. நிகரமாக ஒரு வட்டம்தான் கூடுதல். ஆகவே ஐந்து சதுர முகங்களோடு ஒரு வட்டத்தைச் சேர்த்தால் போதும்: 11,281.25 + 1,520.5. அதே விடை, பாதி வேலை. கூரையில் அரைக்கோளம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, நடுவிலா ஓரத்திலா என்பது கூடப் பொருட்டில்லை.

கனசதுரத்தின் ஆறு முகம், அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டியிருந்தால் 18,099 வந்திருக்கும். கூடுதலாக 5,297 ச.மீ. ஒப்பந்தக்காரருக்குக் கொண்டாட்டம்.

மேட்டுக்கும் குழிக்கும் ஒரே கணக்கு

ஆட்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். 40 செ.மீ சதுரம், 30 செ.மீ உயரம். நடுவே 14 செ.மீ ஆரத்தில் அரைக்கோளமாகக் குழி. (அம்மி, ஆட்டுக்கல் கொத்துபவர்கள் இவ்வளவு துல்லியமான அரைக்கோளம் கொத்துவதில்லை, தெரியும்.) குழியைத் தோண்டியதும் கல்லின் பரப்பு கூடுமா, குறையுமா?

கல் குறைந்ததால் பரப்பும் குறையும் என்று மனம் சொல்லும். பிரஷ்ஷைக் கேளுங்கள். மேல்முகத்தில் 616 ச.செ.மீ வட்டம் போயிற்று. ஆனால் குழிக்குள் பிரஷ் நுழையும், அங்கே 1,232 ச.செ.மீ புதிதாகக் கிடைத்தது. ஆக 616 கூடுதல். மேல்முகம் 1,600 − 616 + 1,232 = 2,216; நான்கு பக்கம் 4,800; அடிப்பக்கத்தை விட்டால் மொத்தம் 7,016 ச.செ.மீ. குழி இல்லாமல் இருந்திருந்தால் 6,400.

கோல் கும்பஸில் மேடு, இங்கே பள்ளம். இரண்டிலும் கூடுவது ஒரே ஒரு வட்டம். கன அளவில்தான் ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். ‘குடைந்து எடுக்கப்பட்டது’ என்ற சொல்லைக் கேள்வியில் பார்த்ததும் பரப்பிலும் கழிக்கக் கை போகும். கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை போகும் துளை வேறு ரகம். 20 செ.மீ கனசதுர மரக்கட்டையில் 3.5 செ.மீ ஆரத்தில் துளை போட்டால் இரு முகங்களிலும் 38.5 வீதம் 77 ச.செ.மீ போகும், துளையின் உள்சுவராக 440 வரும். நிகரமாக 363 கூடும். அதே துளையை 2 செ.மீ தடிமனுள்ள பலகையில் போட்டால் 77 போய் 44தான் வரும், பரப்பு குறைந்துவிடும். தடிமன் ஆரத்துக்குச் சமமாக இருந்தால் போனதும் வந்ததும் சரியாகிவிடும். எப்போதும் கூடும், எப்போதும் குறையும் என்று விதி சொல்ல முடியாத இடம் இது. போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கூடாரம்: எந்த உயரம்?

தரையிலிருந்து உச்சி வரை 8 மீ உயரமுள்ள கூடாரம். கீழே 3 மீ உயரத்துக்கு உருளைவடிவச் சுவர், அதன் மேல் கூம்பு. விட்டம் 24 மீ. எவ்வளவு கித்தான் வேண்டும்?

வெளியே தெரிவது உருளையின் வளைபரப்பும் கூம்பின் வளைபரப்பும் மட்டும். இரண்டும் சேரும் வட்டம் காற்றுதான், தரை தரைதான். இங்கே வட்டம் எதுவும் கணக்கில் வராது.

தடுமாற்றம் கூம்பில் வரும். கூம்பின் உயரம் 8 அல்ல, 8 − 3 = 5 மீ. கித்தானோ உச்சியிலிருந்து நேராகக் கீழே தொங்குவதில்லை, சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவின் நீளமே சாயுயரம். ஆரம் 12, உயரம் 5; பிதாகரஸ் தேற்றப்படி 144 + 25 = 169, வர்க்கமூலம் 13. சாயுயரம் 13 மீ.

கூம்பின் வளைபரப்புச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதை விட அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஒரு காகிதக் கூம்பை நெடுக வெட்டி விரித்தால் வட்டத்தின் ஒரு கோணப்பகுதி கிடைக்கும். அதன் ஆரம் சாயுயரம். அதன் வில் கூம்பின் அடிச்சுற்றளவு. வட்டத்தின் பரப்புக்குப் பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு என்பது பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் சொல்லும் வழி. கோணப்பகுதிக்கும் அதே வழி செல்லும்: பாதி வில்லைச் சாயுயரத்தால் பெருக்கினால் பரப்பு. பாதி அடிச்சுற்றளவு என்பது பை என்ற மாறிலியை ஆரத்தால் பெருக்கியது. ஆகவே கூம்பின் வளைபரப்பு = பை × ஆரம் × சாயுயரம். திண்ணைப் பள்ளியின் கணக்கும் இன்றைய பாடநூலின் சூத்திரமும் ஒன்றே.

கூம்பு: பை × 12 × 13 = 156 பை. சுவர்: 2 × பை × 12 × 3 = 72 பை. மொத்தம் 228 பை. பையைக் கடைசி வரை அப்படியே வைத்திருந்து இப்போது ஒரே ஒரு முறை 22/7-ஆல் பெருக்குங்கள்: சுமார் 716.6 ச.மீ.

சாயுயரத்துக்குப் பதில் 5-ஐப் போட்டிருந்தால் கூம்புக்கு 60 பை, அதாவது 188.6 ச.மீ வரும். இது தவறு என்று விடைப்பட்டியல் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். கூடாரத்தின் தரை 144 பை, சுமார் 452.6 ச.மீ. தரையை முழுதும் மூடும் கூரை தரையை விடச் சிறியதாக இருக்க முடியுமா? சரிவாக இருந்தாலும் குவிந்து இருந்தாலும் கூரையின் பரப்பு அது மூடும் தரைக்குக் குறையவே குறையாது. 156 பை, அதாவது சுமார் 490 என்ற சரியான விடை 452-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. கூம்பு தட்டையானது என்பதால் அது பொருத்தமாகவும் இருக்கிறது. நான் எந்தக் கூரைக் கணக்கையும் இந்தச் சோதனை பண்ணாமல் விடுவதில்லை.

கடையில் கித்தான் சதுர மீட்டரில் தர மாட்டார்கள்; அகலம் சொல்லி நீளத்தில் தருவார்கள். 1.5 மீ அகலமென்றால் 716.6 ÷ 1.5, சுமார் 478 மீட்டர். தையலுக்கு இரு ஓரத்திலும் இரண்டரை செ.மீ மடித்தால் உபயோகமான அகலம் 1.45தான், நீளம் 494 மீட்டருக்கு மேல் போய்விடும். கூம்புக்கு முக்கோணத் துண்டுகளாக வெட்டும்போது ஒன்றைத் தலைகீழாகவும் அடுத்ததை நேராகவும் மாற்றி மாற்றி வெட்டினால் சேதாரம் குறையும். புத்தகக் கணக்கு தரும் விடை குறைந்தபட்சத் தேவை. அதற்குக் கீழே வாங்கினால் கூடாரம் நிச்சயம் முடியாது. அதே அளவு வாங்கினாலும் முடியாது.

இரு முனையிலும் அரைக்கோளம்

மாத்திரைக் காப்ஸ்யூல், சமையல் எரிவாயுக் கிடங்குகளில் படுத்துக்கிடக்கும் ‘புல்லட்’ தொட்டிகள். நடுவே உருளை, இரு முனையிலும் அரைக்கோளம். இதற்கு மூன்று பகுதிகளைத் தனித்தனியே போட்டுக் கூட்டுவது வழக்கம். குறுக்குவழி ஒன்று இருக்கிறது: சுற்றளவை மொத்த நீளத்தால் பெருக்குங்கள். முடிந்தது.

7 மி.மீ விட்டமும் முனை முதல் முனை வரை 20 மி.மீ நீளமும் உள்ள காப்ஸ்யூலுக்குச் சுற்றளவு 22 மி.மீ; பரப்பு 22 × 20 = 440 ச.மி.மீ. நீட்டி முழக்கிப் போட்டால்: உருளையின் நீளம் 20 − 7 = 13, வளைபரப்பு 286; இரண்டு அரைக்கோளம் சேர்ந்தால் ஒரு கோளம், 154; கூட்டினால் 440.

இது தற்செயல் அல்ல. ஒரு கோளத்தின் பரப்பும், அதைச் சரியாகச் சுற்றி நிற்கும் உருளையின் வளைபரப்பும் சமம். அதனால் அரைக்கோளத் தொப்பியை எடுத்துவிட்டு அதே உயரத்துக்கு உருளையை நீட்டினாலும் பரப்பு மாறாது. இதை நிறுவியவர் ஆர்க்கிமிடிஸ். கி.மு. 212-இல் சிராக்யூஸ் நகரம் ரோமானியரிடம் வீழ்ந்தபோது கொல்லப்பட்ட அவருடைய கல்லறையில் உருளையும் கோளமும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த அடையாளத்தை வைத்துத்தான் கி.மு. 75-இல் ரோமானிய அதிகாரி சிசரோ புதர் மண்டிக் கிடந்த அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்தார். நம் பக்கம் இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில், கோளத்தின் பரப்பு அதன் நடுவட்டத்தைப் போல் நான்கு மடங்கு என்ற விதி இருக்கிறது. இரண்டும் ஒரே உண்மையின் இரு முகங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாலையில் போகும் டேங்கர் லாரிகள் பலவற்றின் முனைகள் முழு அரைக்கோளம் அல்ல. தட்டைப்பட்ட கிண்ணம் போல் இருக்கும். அங்கே இந்தக் குறுக்குவழி செல்லாது.

நாடாவோடு ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு

புத்தகத்தில் ஆரம் கொடுத்திருப்பார்கள். நேரில் யார் கொடுப்பார்கள்? ஒரு தொட்டியின் மையத்தைத் தேடி ஆரம் அளப்பது நடக்காத காரியம். சுற்றளவை அளங்கள். நாடாவையோ கயிற்றையோ ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சுற்றளவு × உயரம் என்பதே சுவரின் பரப்பு. இதற்குப் பை கூடத் தேவையில்லை.

ஒற்றைத் தண்டின் மேல் நிற்கும் ஒரு மேல்நிலைத் தொட்டி. தொட்டியின் சுற்றளவு 44 அடி, சுவர் உயரம் 9 அடி. மேலே குவிந்த மூடி. விளிம்பிலிருந்து உச்சி 2 அடி உயரம். கீழே தண்டின் சுற்றளவு 22 அடி, உயரம் 30 அடி. தொட்டியின் அடிப்பக்கம் தட்டை. வெளிப்புறம் முழுவதும் வர்ணம் அடிக்க வேண்டும்.

சுவர் 44 × 9 = 396 சதுர அடி. தண்டு 22 × 30 = 660.

மூடி? குவிந்திருப்பதால் அரைக்கோளம் என்று போட்டுவிடக் கூடாது. சுற்றளவு 44 என்றால் ஆரம் 7 அடி. அரைக்கோளமாக இருந்தால் உச்சி 7 அடி உயர்ந்திருக்க வேண்டும். இங்கே 2 அடிதான். இது கோளத்திலிருந்து சீவி எடுத்த ஒரு தொப்பி. அதற்கும் எளிய சூத்திரம் உண்டு, பள்ளிப் பாடத்தில் அதிகம் வராவிட்டாலும்: ஆரத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டிப் பையால் பெருக்குங்கள். 49 + 4 = 53; 53 × 22/7, சுமார் 166.6 சதுர அடி. உயரம் சுழியானால் இது தட்டை வட்டத்தின் பரப்பாகிவிடும். உயரம் ஆரத்துக்குச் சமமானால் அரைக்கோளமாகிவிடும். இரு எல்லைகளிலும் சரியாக நிற்பதால் இந்தச் சூத்திரத்தின் மேல் நம்பிக்கை வருகிறது. தட்டை என்றே வைத்திருந்தால் 154. அரைக்கோளம் என்று வைத்திருந்தால் 308. தாழ்ந்த குவிமூடியைத் தட்டை என்று கொள்வது சிறு பிழை, அரைக்கோளம் என்று கொள்வது பெரும் பிழை.

இனி அந்த வளையம். தொட்டியின் அடிவட்டம் 154. அதில் தண்டு மறைப்பது 3.5 அடி ஆரமுள்ள வட்டம், 38.5. மிச்சம் 115.5 சதுர அடி, அண்ணாந்து பார்த்தால் தெரியும் பகுதி. தரையில் நின்று மதிப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம். சாரத்தில் ஏறி அடிப்பவர் மறக்க மாட்டார், கழுத்து வலிக்கும்.

396 + 660 + 166.6 + 115.5, மொத்தம் சுமார் 1,338 சதுர அடி. ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர அடி வரும் என்று பெயிண்ட் டப்பாவில் போட்டிருக்கும். அதால் வகுத்து, எத்தனை கோட்டோ அத்தனையால் பெருக்குங்கள். சொரசொரப்பான சிமென்ட் பூச்சு டப்பாவில் போட்டதை விட அதிகம் குடிக்கும்.

உள்ளே நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசுவதானால் வெளியளவை வைத்துக் கணக்கிடாதீர்கள். சுவர் அரை அடித் தடிமன் என்றால் உள் ஆரம் 6.5 அடி, சுற்றளவு 41 அடிக்கும் கீழே. உள்ளே தண்டு எதையும் மறைக்காததால் அடிவட்டம் முழுதாக வரும்.

அலகும் பையும், சுருக்கமாக

சென்டிமீட்டரில் அளந்துவிட்டு மீட்டருக்கு மாற்றும்போது 100-ஆல் வகுப்பது தவறு, 1 ச.மீ என்பது 10,000 ச.செ.மீ. ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10.76 சதுர அடி. எல்லா அளவையும் முதலிலேயே ஒரே அலகுக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

3.14 துல்லியம், 22/7 தோராயம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. இரண்டுமே தோராயம்தான், சொல்லப்போனால் 22/7 ஒரு மயிரிழை அதிக நெருக்கம். தேர்வில் எதைக் கொடுத்திருக்கிறார்களோ அதைப் போடுங்கள். 7-ஆல் வகுபடும் ஆரத்துக்கு 22/7 சுகம்.

செய்து பாருங்கள்

1. கொடிக்கம்ப மேடை மூன்று வட்டப் படிகளால் ஆனது. ஆரங்கள் 7, 5, 3 அடி. ஒவ்வொன்றும் 1 அடி உயரம். தரையில் படியும் பக்கம் தவிர எவ்வளவு பரப்பு? (கம்பத்தின் தடிமனை விட்டுவிடலாம்.)

2. ஒரு பம்பரம்: 3 செ.மீ ஆரமுள்ள அரைக்கோளம், அதன் கீழே 4 செ.மீ உயரக் கூம்பு. பம்பரத்தின் பரப்பு என்ன?

3. 12 செ.மீ உயரம், 5 செ.மீ ஆரமுள்ள மர உருளையில், அதே ஆரமும் அதே உயரமும் கொண்ட கூம்பு ஒரு முனையிலிருந்து குடைந்து எடுக்கப்படுகிறது. மிச்சக் கட்டையின் மொத்தப் புறப்பரப்பு?

4. 3 அடி அகலம், 2 அடி ஆழம், 6 அடி உயரமுள்ள பீரோ, அறை மூலையில் தரையோடும் இரு சுவரோடும் ஒட்டி நிற்கிறது. வெளியே தெரியும் பரப்பு எவ்வளவு?

விடைகள்: முதல் கணக்குக்கு மேலிருந்து பார்த்த வட்டம் 154, சுற்றுச்சுவர்கள் 30 பை, மொத்தம் சுமார் 248.3 சதுர அடி. பம்பரத்தின் சாயுயரம் 5 செ.மீ, 18 பையும் 15 பையும் சேர்ந்து 33 பை, சுமார் 103.7 ச.செ.மீ. மூன்றாவதில் வெளிச்சுவர் 120 பை, அடிவட்டம் 25 பை, உள்ளே கூம்பின் சுவர் 65 பை. மேல்முனையில் வட்டம் எதுவும் மிஞ்சாது. 210 பை, அதாவது 660 ச.செ.மீ. பீரோவுக்கு முன்பக்கம் 18, ஒரு பக்கவாட்டு 12, மேலே 6. ஆக 36 சதுர அடி. மொத்தப் புறப்பரப்பான 72-இல் இது சரிபாதி. பீரோவின் அளவுகளை எப்படி மாற்றினாலும் மூலையில் ஒட்டி நிற்கும் வரை பாதியாகவே இருக்கும். ஏன் என்று எதிரெதிர் முகங்களை இணை இணையாக எண்ணிப் பாருங்கள்.